பெரிய கார்புரேட்டர் போட்டால் போதுமா?



வழக்கமாக நான் இங்கே எழுதுவது வாய்பாடு, வாசிப்புப் பயிற்சி, சொல்வதெழுதுதல் ஆகியவற்றைப் பற்றித்தான். இன்று ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, பீடோங்கில் உள்ள என் வீட்டு வாசலில் ஒரு யமஹா ஆர்.எக்ஸ்.இசட் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் என் பழைய மாணவன். இப்போது அவனுக்குப் பதினேழு வயது. பின்னால் அவன் தாயார் அமர்ந்திருந்தார். அவர் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இரவு வேலை செய்பவர். வேலைக்குப் போகும் முன் மகனை என்னிடம் இழுத்து வந்திருக்கிறார்.

"சார், நீங்க சொன்னாத்தான் இவன் கேப்பான். கார் கழுவுற கடையில சம்பாதிக்கிறத எல்லாம் இதுலயே கொட்டுறான். நாளைக்கு ரெம்பிட் பசங்களோட சேர்ந்துட்டா நான் என்ன செய்வேன்?" என்றார்.

பையன் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினான். உள்ளே முப்பது மில்லிமீட்டர் வாய் கொண்ட ஒரு கார்புரேட்டர் பளபளத்தது. "சார், இதப் போட்டா பறக்கும் சார்" என்றான்.

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. 2001ஆம் ஆண்டில் இதே சொற்களை என் தம்பியிடம் நான் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆர்.எக்ஸ்.இசட் நம் நாட்டில் 1985இல் விற்பனைக்கு வந்தது. 2011இல் அதன் உற்பத்தி நின்றது. அந்தக் கால் நூற்றாண்டில் தோட்டத்து இளைஞர்களின் கனவு வண்டியாக அது இருந்தது. 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர், 54 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும் பிஸ்டன். கணக்குப் போட்டால் 133 கன சென்டிமீட்டர் வரும். மாணவர்களுக்கு உருளையின் கன அளவைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இது டூ-ஸ்ட்ரோக் இயந்திரம். பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் அனைத்தும் முடிந்துவிடும். ஆகவேதான் சிறிய இயந்திரத்திலிருந்து இவ்வளவு வேகம் பிறக்கிறது. தவறு செய்தால் மிக விரைவாகப் பழுதாவதும் அதனால்தான்.

பையனின் வண்டியில் முந்தைய உரிமையாளர் வயிறு பெருத்த பந்தயப் புகைக்குழாயைப் பொருத்தியிருந்தார். அந்தப் புகைக்குழாய் வெறும் சத்தத்திற்காக ஏற்பட்டதன்று. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர், புகைக்குழாய்க்குள் ஓடும் அழுத்த அலையைப் பயன்படுத்தி, வெளியே தப்பிப்போகும் புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ள வைத்தார். 1961இல் அவருடைய 125 சிசி பந்தய இயந்திரம் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. இன்று நம் பட்டறைகளில் தொங்கும் பந்தயப் புகைக்குழாய்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. அத்தகைய குழாயை மாட்டினால் இயந்திரம் மூச்சுவிடும் முறையே மாறிவிடுகிறது. ஆகவே கார்புரேட்டரையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். பையன் நினைத்ததில் அதுவரை தவறில்லை. எவ்வளவு பெரியது வேண்டும் என்பதில்தான் தவறு.

"கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டுச் சமையலறையிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரும் இரண்டு உறிஞ்சுகுழல்களும் எடுத்து வந்தேன். ஒரு குழலைத் தண்ணீரில் செங்குத்தாக நிறுத்தினேன். மற்றொன்றை அதன் மேல்முனைக்கு நேராகக் கிடையாகப் பிடித்து ஊதினேன். தண்ணீர் குழலில் ஏறித் தூறலாகச் சிதறியது. தாயாரும் சிரித்தார். பிறகு ஊதும் குழலுக்குப் பதிலாகக் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து அவனை ஊதச் சொன்னேன். கன்னம் சிவக்க ஊதினான். தண்ணீர் ஏறவே இல்லை.

"மூச்சு ஒன்றுதான். வழி அகலமானதும் காற்றின் வேகம் குறைந்துவிட்டது. வேகம் குறைந்தால் அது பெட்ரோலை இழுக்காது. உன் 133 சிசி இயந்திரத்தின் மூச்சும் ஓர் அளவுதான்" என்றேன்.

அவன் வண்டியில் அப்போது இருந்தது 26 மில்லிமீட்டர் கார்புரேட்டர். 26க்கும் 30க்கும் நான்கு மில்லிமீட்டர்தானே வேறுபாடு என்று தோன்றும். ஆனால் காற்று செல்வது வட்டத்தின் பரப்பளவு வழியாக. 26ஐ 26ஆல் பெருக்கினால் 676. 30ஐ 30ஆல் பெருக்கினால் 900. வழி மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுகிறது. மேல் சுழற்சியில் அது உதவலாம். கீழ்ச் சுழற்சியில் காற்று சோம்பிவிடும். முச்சந்தியில் நின்று புறப்படும்போது வண்டி திணறும்.

பையன் தலையை ஆட்டினான். ஆனால் அவன் கண்கள் பெட்டியைவிட்டு அகலவில்லை. நான் தடுத்தால் மறுநாளே ஏதாவது ஒரு பட்டறையில் அதை மாட்டிக்கொள்வான் என்பது எனக்குத் தெரியும். தாயார் என்னிடம் எதிர்பார்த்தது கண்டிப்பை. அன்றிரவு நெடுநேரம் யோசித்துவிட்டு, மறுநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, நான் அவனுக்கு இதைச் சரியாகச் செய்யக் கற்றுக் கொடுக்கிறேன். சில நிபந்தனைகளோடு" என்றேன். அவர் மகிழ்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை.

நிபந்தனைகள் மூன்று. முதலாவது, வேலைக்குப் போகும்போது பழைய 26 கார்புரேட்டரும் அசல் புகைக்குழாயும்தான் வண்டியில் இருக்க வேண்டும். இயந்திரத்தை மாற்றியமைத்துப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். வேகம் பார்க்க விரும்பினால் முறையான பந்தயத் தடத்திற்குப் போகட்டும். நம் நாட்டில் கப் பிரிக்ஸ் பந்தயம் 1994 முதல் நடந்து வருகிறது. இரண்டாவது, சோதனைகளை எல்லாம் அனுமதி பெற்றுத் தோட்டத்து உள்சாலையில் மட்டுமே செய்ய வேண்டும், தலைக்கவசம், கையுறை, முழுக்கால் காலணியோடு. மூன்றாவது, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தமிழில் எழுத வேண்டும். மூன்றாவது நிபந்தனைக்குத்தான் அவன் அதிகம் முனகினான்.

முதல் சனிக்கிழமை கார்புரேட்டரைத் தொடவே நான் விடவில்லை. காற்று வடிகட்டியைக் கழுவினோம். இயந்திரத்தையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். அங்கே ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் கள்ளக் காற்று நுழைந்துவிடும். பிறகு எந்த ஜெட்டைப் போட்டாலும் பயனில்லை. டூ-டி எண்ணெய்ப் பம்பையும் பார்த்தோம். த்ராட்டிலைத் திருகும்போது ஒரு கம்பி கார்புரேட்டருக்கும் மற்றொரு கம்பி எண்ணெய்ப் பம்புக்கும் போகிறது. கார்புரேட்டரை மாற்றினால் அந்த இரண்டாவது கம்பியின் அளவையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். இதை மறந்ததால் எண்ணெய் போதாமல் பிஸ்டன் தேய்ந்த வண்டிகள் பல.

அடுத்த வாரம் அவன் விருப்பப்படியே முப்பதை மாட்டினோம். செம்பனைத் தோட்டத்து மேட்டில் நின்று புறப்படச் சொன்னேன். வண்டி இருமியது. கிளட்ச்சை நழுவவிட்டு நழுவவிட்டுத்தான் ஏற்ற முடிந்தது. ஊசியையும் ஜெட்டுகளையும் மாற்றிப் பார்த்தான். கொஞ்சம் குணமாயிற்று. ஆனாலும் பழைய 26இன் சுறுசுறுப்பு வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் அவனே, "சார், கடையில இருபத்தெட்டு இருக்கு, கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தா மாத்தித் தருவாங்க" என்றான்.

28 மில்லிமீட்டர் கார்புரேட்டர் வந்தது. இனிதான் உண்மையான வேலை. கார்புரேட்டர் வாங்குவது ஒரு நாள் வேலை. அதை அமைப்பது பல வார வேலை.

த்ராட்டில் கைப்பிடியில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி கால், அரை, முக்கால், முழுமை என்று கோடு போட்டோம். ஏனென்றால் கார்புரேட்டரின் ஒவ்வோர் உறுப்பும் த்ராட்டிலின் ஒரு பகுதியை ஆள்கிறது. மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும். எட்டில் ஒன்றிலிருந்து கால் வரை ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஊசி. முக்காலிலிருந்து முழுமை வரை மெயின் ஜெட். எந்த இடத்தில் திணறல் என்று தெரியாமல் எதையாவது மாற்றுவது, மாணவனுக்கு எழுத்து தெரியவில்லையா, சொல் தெரியவில்லையா, பொருள் விளங்கவில்லையா என்று பாராமலேயே பத்துப் பயிற்சித்தாள் கொடுப்பதைப் போன்றது. நானே அப்படிக் கொடுத்திருக்கிறேன்.

மெயின் ஜெட்டை எப்போதும் பெரியதிலிருந்து தொடங்கிச் சிறியதற்கு இறங்க வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் வண்டி கொரகொரவென்று சோம்பி ஓடும், பிளக் கறுத்து நனையும். ஆனால் இயந்திரம் அழியாது. பெட்ரோல் குறைந்தாலோ வெப்பம் ஏறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிக்கொள்ளும். நாங்கள் 130இல் தொடங்கி 125, 122, 120 என்று இறங்கினோம். இந்த எண்கள் அவன் வண்டிக்கு மட்டும்தான். வேறொருவர் வண்டியின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் எண்ணின் பொருளும் மாறும். கெய்ஹின் ஜெட்டில் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கிறது. மிக்குனியின் அறுகோண ஜெட்டில் அது நிமிடத்துக்குப் பாயும் அளவைக் குறிக்கிறது. போலி ஜெட்டுகளில் எண் ஒன்றாகவும் துளை வேறாகவும் இருப்பதுண்டு.

ஒவ்வொரு ஜெட்டுக்கும் ஒரே சோதனைதான். நன்கு சூடான வண்டியில் மூன்றாம் கியரில் முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து அதே கணத்தில் இயந்திரத்தை அணைத்து, வண்டி நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மூன்றாம் கியரில் செய்தால் வேகம் மட்டுப்படும். வெள்ளையாக இருந்தால் ஆபத்து. கறுத்து ஈரமாக இருந்தால் மிகுதி. தேநீர் நிறமாக இருந்தால் நலம். 125இல் அந்த நிறம் வந்தது. 122இல் வெளுக்கத் தொடங்கியது. 120இல் முற்றும் வெளுத்துவிட்டது. ஆனால் 120இல்தான் வண்டி மிகவும் கூர்மையாக ஓடியது. "சார், இதுதான் சார் பெஸ்ட்! கத்தி மாதிரி போகுது!" என்று பையன் கூவினான்.

அப்போதுதான் அவனை ஒரு செம்பனை மர நிழலில் உட்கார வைத்து, இதுவரை எவரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

2001இல் நான் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி ஆசிரியன். அப்பா பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் எனக்கு ஒரு பழைய ஆர்.எக்ஸ்.இசட் வாங்கிக் கொடுத்திருந்தார். நான் ஒரு நண்பனிடமிருந்து 28 கார்புரேட்டர் வாங்கி மாட்டினேன். சத்தத்துக்காகக் காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்தேன். ஜெட்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க வண்டி மேலும் கூர்மையாக ஓடியது. பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருப்பதிலேயே சிறியதைப் போட்டேன். த்ராட்டிலை மூடிய பிறகும் இயந்திரத்தின் சுழற்சி இறங்காமல் சிறிது நேரம் உயரத்திலேயே நிற்கும். பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அது எச்சரிக்கை. நான் அதைப் பலம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் நோக்கி வந்தேன். குளிர்ந்த காலை. குளிர்காற்று அடர்த்தியானது. ஆகவே கலவையில் பெட்ரோலின் பங்கு மேலும் குறைந்திருக்கும். அன்று வண்டி என்றுமில்லாத அழகோடு ஓடியது. "பாத்தியாடா, பறக்குது" என்று திரும்பிச் சொன்னேன். அடுத்த சில நொடிகளில் பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்ச்சைப் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. தம்பிக்கு வலக்கை மணிக்கட்டு இரண்டு இடங்களில் முறிந்தது. அது அவன் எஸ்.பி.எம். எழுத வேண்டிய ஆண்டு. அவனால் எழுத முடியவில்லை. ஓராண்டு கழித்துத்தான் எழுதினான். மருத்துவச் செலவுக்கு அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது.

சாலையில் மணல் கிடந்தது, வழுக்கிவிட்டது என்று அனைவரிடமும் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் கடைசி வரை அதை நம்பினார்கள். இருவரும் இன்று இல்லை.

பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து 120ஐக் கழற்றி 125ஐ மாட்டினான். புத்தகத்தில், "120 – நல்லா ஓடுது. ஆனா பிளக் வெள்ளை. போடக் கூடாது" என்று எழுதினான். எழுத்துப் பிழை இல்லை. ஐந்தாம் ஆண்டில் அவனுக்கு நான் எத்தனை முறை சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன் என்பது நினைவுக்கு வந்தது.

மெயின் ஜெட் முடிந்ததும் ஊசிக்கு வந்தோம். கிளிப்பை ஒரு காடி கீழே மாட்டினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். மேலே மாட்டினால் குறையும். நடுக் காடியே அவன் வண்டிக்குப் பொருந்தியது. கடைசியாகக் காற்றுத் திருகு. மெதுவாக முழுதும் மூடிவிட்டு, பிறகு சிறிது சிறிதாகத் திறந்து, சும்மா நிற்கும்போது இயந்திரம் எங்கே தெளிவாகச் சுழல்கிறது என்று காதால் கேட்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் அந்த இடம் அமைந்தால் பைலட் ஜெட் சரி. ஒன்றரைச் சுற்றில் அவன் நிறுத்தினான். எனக்குக் கேட்காத வேறுபாடு அவனுக்குக் கேட்டது.

"அப்போ குனோங் ஜெராய் ஏறினா ஏன் சார் வண்டி திணறுது?" என்று அன்று கேட்டான். வகுப்பில் ஆறு ஆண்டுகளில் அவன் என்னிடம் தானாகக் கேட்ட கேள்விகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜெராயின் உச்சி 1,217 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஜெட் மட்டும் கீழே அமைத்த அதே துளை. ஆகவே பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. இதையும் எழுதிக்கொண்டான்.

ஆசிரிய நண்பர்களே, அவனை நான் படிப்பில் பின்தங்கிய மாணவன் என்றே பதிவேட்டில் எழுதியிருந்தேன். வகுப்பில் அவன் கவனம் எப்போதும் சன்னலுக்கு வெளியே இருக்கும், சாலையில் போகும் வண்டிகளின் ஒலியில். அதைக் கவனக்குறைவு என்று எழுதினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, எழுதி வைத்து, பிறகு அடுத்ததற்குப் போகும் பொறுமை அவனிடம் இருக்கிறது. அந்த இளவயதில் என்னிடம் அது இல்லை.

பெற்றோர்களே, பிள்ளை இத்தகைய பொருளை வீட்டுக்குக் கொண்டு வந்தால் முதலில் அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். அதை அமைக்க யார் கற்றுக் கொடுக்கிறார் என்று கேளுங்கள். பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையாக இருந்தால் அன்றைக்குச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாயாருக்கும் இதைத்தான் சொன்னேன். இப்போது வேலைக்குப் போகும் முன் அவர் பிளக்கைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாராம். அவருக்கு இன்னமும் பயம்தான். ஒவ்வொரு மாலையும் எனக்கு அழைத்து, "இன்னைக்கு டீ கலர்தான் சார்" என்கிறார்.

இதை எழுதி முடித்ததும், இங்கே ஏற்றும் முன், பினாங்கில் வேலை செய்யும் என் தம்பியை அழைத்தேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் மறைத்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அண்ணே, எத்தனாம் நம்பர் ஜெட்டு அது?" என்று கேட்டான். நினைவில்லை என்றேன். "எழுதி வச்சிருக்கணும்" என்றான். அடுத்த வாரம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரிய நண்பன்